ஒரே காசு, மூன்று தீர்ப்பு

பிப்ரவரி 3 — 1,850
பிப்ரவரி 3 — 240
ஜூன் 9 — 95
ஜூன் 11 — 1,850
ஜூன் 11 — 240
அக்டோபர் 6 — 2,045
ஜனவரி 19 — 60

மொத்தம் 6,380. இவ்வளவும் ஒரே ஒரு வெள்ளிக் காசுக்காகத் தராசு செலவழித்தது. காசின் முகத்தில் போட்டிருக்கும் மதிப்பு ஐந்து.

தராசு என்பது நாணயச் சங்கத்தில் அவருக்கு வைத்த பெயர். எடை அளவை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடை கடையாக ஏறி, சோதனைக் கல்லைத் தட்டில் மூன்று முறை வைத்துப் பார்ப்பார். மூன்று முறையும் முள் ஒரே இடத்தில் நின்றால் முத்திரை குத்துவார். ஒரு முறை தள்ளி நின்றாலும் தராசை மூட்டை கட்டச் சொல்லிவிடுவார். கடைக்காரர் கண்ணீர் விட்டாலும் சரி, அமைச்சரின் சகலை என்று நெஞ்சை நிமிர்த்தினாலும் சரி. அதனால் அவருக்கு இடமாற்றங்கள் தவறாமல் வந்தன. பதவி உயர்வுதான் வழி தவறிப்போனது.

அந்த ஐந்தைக் கொடுத்தவர் மாமனார். வங்கியில் காசாளராக இருந்தார். பழைய அரசுச் சின்னத்தோடு வெள்ளியில் அடித்த கடைசிக் காசு அது. சில மாதங்களில் ஆட்சி மாறியது, சின்னமும் மாறியது, வெள்ளியும் போய்விட்டது. சீல் வைத்த பை வங்கிக்கு வந்த அன்று மாமனார் தன் கையாலேயே அதைப் பிரித்தார். மேலாகக் கிடந்த இரண்டு காசுகளை எடுத்துக்கொண்டு தன் சட்டைப்பையிலிருந்து பத்தை உள்ளே போட்டார். இரண்டையும் மெல்லிய காகிதத்தில் தனித்தனியாக மடித்து, ஒன்றை மகனுக்கும் ஒன்றை மருமகனுக்கும் தந்தார். ஒரே பை, ஒரே கை, ஒரே நாள்.

மகன், அதாவது தராசின் மைத்துனர், மருந்துக்கடை வைத்திருக்கிறார். ஆளுங்கட்சியின் வட்டாரப் பொருளாளரும்கூட. சங்கத்தில் இருவரும் உறுப்பினர்கள். மின்சாமான் கடைக்கு மேல் மாடியறையில், சுற்றிவைத்த வயர் கட்டுகளுக்கும் காலி விசிறிப் பெட்டிகளுக்கும் நடுவே, ஞாயிறுதோறும் கூட்டம் நடக்கும்.

ஜனவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சு புதுக் காசுகளைப் பற்றி வந்தது. தேர்தல் நெருங்க நெருங்க அரசு காசு மேல் காசாக வெளியிட்டுக்கொண்டிருந்தது. பாலம் திறந்ததற்கு ஒன்று, பாலத்துக்குப் போகும் சாலைக்கு ஒன்று.

"அடுத்தது அந்தச் சாலையில விழுந்த குழிக்கு ஒண்ணு அடிப்பாங்க," என்றார் மின்சாமான் கடைக்காரர். அவருக்கு எதிர்க்கட்சி.

"வயித்தெரிச்சல்ல பேசாதீங்க. இதைப் பாருங்க," என்று மைத்துனர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை மேசைமேல் வைத்தார். காசுகளைத் தரம் பார்த்து எழுபதுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, பிரிக்க முடியாத டப்பாவில் அடைத்து அனுப்பும் கம்பெனியின் டப்பா. உள்ளே பாலத்துக் காசு. "எழுபதுக்கு எழுபது!"

தராசு பூதக்கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. "மெஷின்ல இருந்து விழுந்தது நேரா டப்பாக்குள்ள போயிருக்கு. பள்ளிக்கூடமே போகாத பிள்ளைக்கு நூத்துக்கு நூறு போட்ட மாதிரி இருக்கு, மச்சான்."

மைத்துனர் சிரித்துக்கொண்டே இரண்டாவது டப்பாவை எடுத்தார். அப்பா கொடுத்த ஐந்து. அறுபத்தாறு.

"அந்த ஆட்சி நாட்டையே குட்டிச்சுவரா ஆக்கிடுச்சுன்னு மேடையில முழங்குறீங்க," என்றார் மின்சாமான் கடைக்காரர். "அதோட காசுக்கு மட்டும் அறுபத்தாறு மார்க்கா?"

"ஆட்சி வேற, வெள்ளி வேற," என்ற மைத்துனர் தராசின் பக்கம் திரும்பினார். "உங்களது எங்க அத்தான்? இன்னும் காகிதத்துலயே சுத்தி வச்சிருக்கீங்களா? அனுப்பிப் பாருங்க. பயமா இருந்தா வேண்டாம்."

பயம் என்ற சொல்லை அவர் சொல்லியிருக்க வேண்டாம். பிப்ரவரி மூன்றாம் தேதி தராசு அஞ்சலகத்தில் நின்றார்.

ஏப்ரலில் காசு டப்பாவில் அடைபட்டு, ஒரு சீட்டோடு திரும்பி வந்தது. சீட்டில் மதிப்பெண் இல்லை. அந்த இடத்தில் ஒரே ஒரு சொல்: "துலக்கப்பட்டது." காசு சேர்ப்பவர்களிடையே இதைவிடக் கேவலமான சொல் இல்லை. யாரோ காசைப் பொடி போட்டோ துணியாலோ தேய்த்து, அதன் பிறவி மேற்பரப்பை அழித்துவிட்டார்கள் என்று பொருள். தேய்மானத்தை மன்னிப்பார்கள், கீறலைப் பொறுத்துக்கொள்வார்கள். துலக்கிய காசை மட்டும், மழித்த புருவத்தைப் பார்ப்பதுபோல, ஒரு நொடி பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

மாடியறையில் சீட்டு கைக்குக் கை போனது. மைத்துனர் படித்துவிட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தார். "அக்கா கையில சிக்காத பொருள் அந்த வீட்டுல ஏது?"

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா, அதாவது தராசின் மனைவி, அறுவை சிகிச்சை அரங்கில் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டில் கதவுக் கைப்பிடிகூடப் பளபளக்கும். விளக்கு சுவிட்சுகளை வாரத்துக்கு இரண்டு முறை துடைப்பார். தராசு சிரிக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு நடந்து வருகிற வழியில், மூன்று தெருவுக்குள், அந்தக் கேலி அவருக்குள் சந்தேகமாக உறைந்துவிட்டது.

மனைவி சன்னல் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு விஷயம் கேக்கணும்."

"கேளுங்க."

"அந்த அஞ்சை... எப்பவாவது... நான் ஊர்ல இல்லாதப்ப..."

"எந்த அஞ்சை?"

"உங்கப்பா குடுத்தது. தேய்ச்சியா?"

மனைவி துணியைப் பிழிந்தார். பிழிய இனி ஒரு சொட்டும் இல்லை என்றான பிறகும் பிழிந்தார். "அந்த அலமாரிச் சாவி இத்தனை வருஷமா யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்டதான்."

"பின்ன?"

அவ்வளவுதான். சண்டை இல்லை, அழுகை இல்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது. ஆனால் அன்றிலிருந்து அந்த அலமாரியை மட்டும் மனைவி துடைப்பதில்லை. கண்ணாடிபோல் மின்னும் வீட்டில் அலமாரியின் தலையில் மட்டும் தூசி படிய ஆரம்பித்தது. ஜூனில் அதில் விரலால் பெயர் எழுதலாம் என்ற அளவுக்கு வந்துவிட்டது.

கம்பெனி சொன்னது தவறு என்றால் மனைவியிடம் கேட்டதும் தவறு. கம்பெனி வாயாலேயே அந்தச் சொல்லைத் திரும்ப வாங்க வைத்துவிட்டால் இரண்டும் ஒன்றாகத் தீர்ந்துவிடும் என்று தராசு கணக்குப் போட்டார். நேரே போய், "கேட்டது என் தப்பு" என்று சொல்லிவிடலாமே என்று அவருக்குத் தோன்றவில்லை. ஆதாரம் இல்லாமல் எதையும் திருத்திப் பழகாத மனிதர்.

தொண்ணூற்றைந்து கொடுத்து மெல்லிய ரம்பம் ஒன்று வாங்கினார். டப்பாவை அறுத்துக் காசை வெளியே எடுத்தார். அதே காசை, புதிதாக அனுப்புவதுபோல, அதே கம்பெனிக்கு அனுப்பினார். ஆகஸ்டு கடைசியில் திரும்பி வந்தது. துலக்கல் என்ற பேச்சே இல்லை. மதிப்பெண் அறுபத்திரண்டு.

சந்தோஷப்படுவார் என்று நினைத்தால், அவருக்குக் கோபம் தலைக்கேறியது. "துலக்கின காசு எப்படிடா துலக்காத காசா மாறும்? தலைமுடியா, மறுபடி முளைக்க?" என்று வெறும் சுவரைப் பார்த்துக் கேட்டார். மூன்று முறை வைத்தால் மூன்று இடத்தில் நிற்கும் தராசை எத்தனை கடையில் பூட்டியிருப்பார்! இந்தக் கம்பெனிக்கு முத்திரை குத்தியது யார்?

சீட்டை மனைவியிடம் நீட்டினார். "பாத்தியா, துலக்கலைன்னு அவங்களே சொல்லிட்டாங்க."

"அவங்க சொல்லித்தான் உங்களுக்குத் தெரியணுமா?" என்றபடி மனைவி சீட்டைத் தொடாமல் உள்ளே போய்விட்டார்.

மைத்துனரோ ஒரேயடியாக நம்ப மறுத்தார். "வேற காசை அனுப்பியிருப்பீங்க, அத்தான்."

"நானா? வேற காசையா?"

"மனுஷன்னா சபலம் இருக்கத்தானே செய்யும்."

அன்று மாடியறையில் பல் டாக்டர் குறுக்கே வராவிட்டால் கைகலப்பாகியிருக்கும். சங்கத்தில் எந்தக் கட்சியும் சாராமல், இந்தச் சண்டையிலும் சேராமல் இருந்தவர் அவர் ஒருவர்தான். இரண்டு டப்பாக்களையும் எல்லார் முன்னிலும் பிரித்து, தன் பெயரில் ஒரே உறையில் அனுப்பி வைப்பதாகவும், செலவை இருவரும் பாதிப் பாதி போட்டுக்கொள்ள வேண்டும் என்றும் அவர் சொன்னார். மைத்துனர் மார்தட்டி ஒப்புக்கொண்டார். "ஆயிரம் தடவை அனுப்புங்க. என் காசுக்கு அறுபத்தாறுதான்."

அக்டோபர் முதல் ஞாயிறு டாக்டர் தன் சின்ன இடுக்கிகளோடு வந்தார். டப்பாக்கள் பல்லைப் போலவே நறுக்கென்று பிரிந்தன. இரண்டு காசுகளையும் வெள்ளைத் துணி விரித்த தட்டில் வைத்தார். அந்த நேரம் பார்த்து, கீழே கடையில் ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சியில் தேர்தல் தேதியை அறிவித்தார்கள்.

"இந்தத் தடவை உங்க ஆளுங்க டெபாசிட் வாங்கினாலே பெரிய விஷயம்," என்றார் மின்சாமான் கடைக்காரர்.

"கனவு காணுறதுக்குக் காசா பணமா!" என்று எழுந்தார் மைத்துனர்.

ஆளுக்கு ஆள் கத்தினார்கள். தராசும் தன் பங்குக்கு, இரண்டு கட்சியும் ஒரே குட்டையில் ஊறியவைதான் என்று இரு தரப்பையும் சேர்த்துத் திட்டினார். சத்தம் அடங்கி எல்லாரும் மேசைப் பக்கம் திரும்பியபோது, யாரோ காசுகளைத் துணியின் நடுவுக்கு நகர்த்தியிருந்தார்கள். பூதக்கண்ணாடியில் பார்க்க எடுத்திருக்கலாம். எடுத்தவர் யார் என்று யாருக்கும் நினைவில்லை.

"இதுல எது யாருது?" என்றார் டாக்டர்.

"என் காசை ஆயிரத்துல அடையாளம் காட்டுவேன்," என்றார் தராசு. மைத்துனரும் அதையேதான் சொன்னார். இருவரும் ஒரே நேரத்தில் விரல் நீட்டினார்கள். இரண்டு விரலும் ஒரே காசின்மேல் நின்றன.

தேநீர் வந்தது. குடித்துவிட்டு, விளக்கை அருகில் இழுத்து, மறுபடி பார்த்தார்கள். இப்போது இருவரும் மற்றக் காசைக் காட்டினார்கள்.

"எடை போட்டுப் பாருங்க தராசு," என்றார் மின்சாமான் கடைக்காரர், முகத்தில் சிரிப்பைக் காட்டாமல். எடை போட்டார். இரண்டுக்கும் இம்மி வித்தியாசம் இல்லை. வாழ்நாளில் முதல்முறையாக, சரியான எடை அவருக்கு எரிச்சலைத் தந்தது.

அறுபத்தாறு என்றும் துலக்கப்பட்டது என்றும் ஆறு மாதமாகச் சண்டை போட்ட இரண்டு காசுகள். டப்பாவைவிட்டு வெளியே வந்ததும், எது எது என்று ஏழு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. அப்படியே உறையில் போட்டு ஒட்டினார்கள். அன்று இரவே டாக்டர் செலவைக் கணக்கிட்டு இருவரிடமும் வாங்கிக்கொண்டார்.

டிசம்பரில் முடிவு வந்தது. இரண்டுக்கும் அறுபத்துநான்கு.

"என் அறுபத்தாறு எங்க?" என்று மைத்துனர் டப்பாக்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என் துலக்கல் எங்க?" என்றார் தராசு.

"கம்பெனிக்குள்ள எதிர்க்கட்சி ஆளுங்க புகுந்துட்டாங்க. வேற ஒண்ணும் இல்ல."

"அமைச்சருக்கு வேண்டப்பட்ட கம்பெனின்னு போன வருஷம் நீங்கதானே பீத்திக்கிட்டீங்க?" என்றார் மின்சாமான் கடைக்காரர்.

மைத்துனர் கைக்கு அகப்பட்ட டப்பாவை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். உடைத்த பழைய டப்பாவின் அறுபத்தாறு சீட்டை மட்டும் இன்றும் பணப்பையில் வைத்துக்கொண்டு, மருந்து வாங்க வருபவர்களிடம் எடுத்துக் காட்டுகிறார் என்று கேள்வி.

தராசுக்கு மட்டும் இது முடிந்தபாடில்லை. கம்பெனியின் இணையப் பதிவேட்டில் முதல் டப்பாவின் எண்ணைத் தட்டினால், "துலக்கப்பட்டது" என்று இன்னும் வந்தது. கடிதம் எழுதினார். தங்கள் கருத்தே இறுதியானது என்று பதில் வந்தது. ஒரே காசுக்கு மூன்று இறுதிக் கருத்து எப்படி இருக்க முடியும் என்று மறுபடி எழுதினார். அந்த எண்ணைப் பற்றி ஏதாவது செய்ய வேண்டுமானால் பழைய சீட்டைத் திருப்பி அனுப்பும்படி பதில் வந்தது. ஜனவரி பத்தொன்பதாம் தேதி, சீட்டோடு ஒரு குறிப்பும் வைத்தார்: தவறான பதிவை அழிக்க வேண்டாம், படிக்கும்படி ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்திட வேண்டும், அவருடைய அலுவலகத்தில் அப்படித்தான் செய்வார்கள்.

அவர் உறையை ஒட்டிக்கொண்டிருந்தபோது மனைவி கேட்டார். "இன்னுமா இந்தக் கூத்து?"

"பதில் வரட்டும். வந்ததும் உன்கிட்ட காட்டுறேன். எல்லாம் சரியாப் போயிடும்."

"என்கிட்ட எதுக்குக் காட்டணும்? நானா அவங்ககிட்ட கேட்டேன்?"

பிப்ரவரி போனது. தேர்தல் நடந்தது. அதே கட்சி திரும்ப வந்தது. அதற்கும் ஒரு காசு அடித்தார்கள். மார்ச் கடைசியில் கம்பெனியின் கடிதம் வந்தது, மூன்றே வரியில். நீங்கள் குறிப்பிட்ட எண் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. அந்த எண்ணில் எந்தக் காசையும் நாங்கள் பார்வையிட்டதாகப் பதிவு இல்லை. இது தொடர்பாக இனி கடிதப் போக்குவரத்து இராது.

கோடும் இல்லை, திருத்தமும் இல்லை, கையெழுத்தும் இல்லை. தவறு செய்தோம் என்று எங்கேயும் சொல்லவில்லை. தவறு நடந்த இடத்தையே துடைத்துவிட்டார்கள்.

"வந்துடுச்சா?" மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"வந்துடுச்சு."

"என்ன சொல்றாங்க?"

"அப்படி ஒரு காசை அவங்க பாக்கவே இல்லையாம்."

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றார். "நல்லதாப் போச்சு. அப்ப நீங்களும் என்கிட்ட ஒண்ணும் கேக்கலை, அப்படித்தானே?"

தராசு கடிதத்தை மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார். மனைவி உள்ளே திரும்பினார். பாத்திரங்களை அடுக்கும் சத்தம் கேட்டது. தராசு மேசை முன் உட்கார்ந்து, கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார். வேறென்ன செய்வதென்று தெரியாமல், உறையின் மேல் மூலையில், கிடைத்த நாளை எழுதினார்: மார்ச் 27.