இடது கைக்கு எழுதிய நாற்பது வரிகள்

ஐந்து வருடங்களுக்கு முன், ஆபீசுக்குப் போகிற வழியில் ஆட்டோ கவிழ்ந்து தமிழ்செல்வியின் வலது கை நொறுங்கிப்போனது. புரோகிராம் எழுதுகிறவள். கட்டுப் பிரித்த பிறகும் மூன்று விரல்கள் மடங்கவில்லை. அவள் எழுதி வைத்திருந்த ராஜினாமாக் கடிதம் கணவன் ஜெயராமின் கண்ணில் பட்டது. அவனுக்கும் அதே தொழில்தான். அவள் புரோகிராம் எழுதுகிற நியோவிம் எடிட்டரைத் திறந்து, அதில் சேர்த்திருந்த பிளகின் என்கிற ஒரு துணை நிரலுக்கு நாற்பது வரி செட்டிங்ஸ் எழுதிக் கொடுத்தான். இரண்டு கையும் கேட்கிற வேலை எல்லாம் இடது கையின் ஒரே தட்டலில் முடிந்தது. கடிதம் போகவேயில்லை.

இந்த ஜனவரியில் அந்தப் பிளகினின் புதிய பதிப்பு வந்தது. பழைய விம்ஸ்கிரிப்ட் மொழியில் எழுதியதை அது படிக்காது. எல்லாவற்றையும் லுவா மொழிக்கு மாற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை, மயூர் விஹார் வீட்டில் ஹீட்டரை மேஜைக்கடியில் தள்ளிவிட்டு ஜெயராம் வரி வரியாக மாற்றினான். செல்வி பக்கத்தில் உட்கார்ந்து தட்டிப் பார்த்தாள்.

ஏழாவது வரியில் அவன் நிறுத்தினான்.

"செல்வி, இப்ப தட்டுனது வலது கை."

அவள் கையை ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டாள். "ரெண்டு வருஷமாவே மடங்குது. நீங்க வச்ச ஷார்ட்கட் கீயில பாதிய நான் தொடுறதே இல்ல."

"சொல்லிருக்கலாம்லா?"

"எனக்குன்னு எழுதுனீங்க. வேண்டாம்னு எப்படிச் சொல்ல?"

நேற்றுகூட ஊறுகாய் பாட்டிலை அவன்தான் திறந்து கொடுத்திருந்தான். சிரிப்பும் அழுகையுமாக ஜெயராம் அவள் கையை வெளியே இழுத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தான். மோதிர விரல் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்தது.

அதன்பிறகு வேலை ஜல்தியாக நடந்தது. அவள் "இது வேண்டாம்" என்றதும் அவன் சந்தோஷமாக அழித்தான். கடைசியில் ஒரு வரி வந்தது. நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை திரையின் அடியில், 'செல்வி, கைக்குக் கொஞ்சம் ரெஸ்ட் குடு' என்று காட்டுகிற வரி. அவன் அழிக்கப் போனான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அதத் தொடாதீங்க."

"கைதான் சரியாயிட்டே?"

"அதுக்கென்ன? நகருங்க, அத நானே லுவால எழுதுதேன்."

இரண்டு கைகளாலும், நிதானமாக எழுதினாள். எங்கோ ஒரு கமா விட்டுப்போய்த் திரை சிவப்பாகக் கத்தியது. ஜெயராமுக்கு இடம் தெரிந்துவிட்டது. வாயைத் திறக்காமல், அவளே கண்டுபிடிக்கும்வரை டீயை ஆற்றிக்கொண்டிருந்தான்.