கடிகாரக்காரரின் பல்செட்

எங்கள் தெருவில் எல்லாரும் அவரைப் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவோம். பல்செட் செய்கிறவர். பல் டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சை வைத்துக்கொண்டு, வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து, மெழுகில் பல் பதித்து, ஈறு நிறத்தில் வார்த்துக் கொடுப்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "ஊர் வாயையெல்லாம் சரி பண்றேன். வீட்டுக்குள்ள ஒரு வாய்க்குப் பதில் சொல்ல என்னால ஆகாது" என்று சிரிப்பார்.

அந்தப் பின்னறைக்குள் நான் ஒரு தடவைதான் போயிருக்கிறேன். மூன்று சுவர்களிலும் தட்டுகள். தட்டு நிறைய, அந்த அச்சுகளில் வார்த்தெடுத்த வெள்ளை பிளாஸ்டர் தாடைகள். மேலும் கீழுமாகப் பித்தளைக் கீலில் மாட்டி, வாய் பிளந்துவிடாமல் ஒவ்வொன்றுக்கும் ரப்பர் பேண்டு போட்டிருந்தது. கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் மட்டும். எனக்கு அங்கே காபி இறங்கவில்லை.

பல்லக்காவின் அண்ணனும் அண்ணியும் வெளிநாட்டு வேலைக்குப் போனபோது, பதினைந்து வயது மகளை இவரிடம் விட்டுப் போனார்கள். வாலு என்று பெயர் வாங்கிய பெண். பள்ளிக்குப் போகிறேன் என்று கிளம்பிக் கடைத்தெருவில் நிற்பாள். குழாயைத் திறந்தால் மூட மாட்டாள். கேட்டால் கண் இமைக்காமல் பொய். பல்லக்கா திட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், போனைப் பிடுங்கி வைத்தார். எதற்கும் மசியவில்லை. ஒரு வேலையை நம்பிக் கொடுத்தால் திருந்துவாளோ என்று, கடைத்தெருவில் கடிகாரம் பழுது பார்ப்பவருக்குச் செய்த பல்செட்டை அவளிடம் கொடுத்தனுப்பினார்.

"குடுத்துட்டியாடி?"

"குடுத்துட்டேன் அத்தை. வாயெல்லாம் பல்லா நின்னாரு."

பல்லக்காவும் சிரித்துவிட்டார்.

அதற்குச் சில வாரம் கழித்துத்தான் அது ஆரம்பித்தது. காலையில் அறையைத் திறந்தால், நடுத்தட்டில் ஒரு தாடை மட்டும் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. ரப்பர் பேண்டு அறுந்திருக்கவில்லை. பக்கத்தில் கழற்றி வைத்ததுபோல் கிடந்தது. வாலுவின் வேலை என்று நினைத்து மூடி வைத்தார். மறுநாளும் அதே தாடை. கேட்டதற்கு, "சத்தியமா நான் இல்லை" என்றாள். அவள் சத்தியத்தை யார் நம்புவது? அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். விடிந்ததும் அடுப்படியில் நிற்கும்போதே பூட்டிய அறைக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் வாய் திறந்திருந்தது.

இத்தனை வருஷம் தாடைகளோடு குடித்தனம் நடத்தியவருக்கு, அன்றுதான் உடம்பு சிலிர்த்தது.

அன்று சாயந்திரம் சாவியை வாலுவின் கையில் வைத்தார். பயமும் ஒரு காரணம் என்று பின்னால் என்னிடம் ஒப்புக்கொண்டார்.

"இனிமே அந்த ரூம் உன் பொறுப்பு. நீ திற, நீ பூட்டு. நான் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன். ஏதாவது கோணலானா நீதான் சரி பண்ணணும்."

"ப்பூ, இவ்வளவுதானா?" என்றாள் வாலு.

முதல் நாள் காலை அறைக்குள் போனவள் சத்தமில்லாமல் வெளியே வந்தாள். இரண்டாம் நாள் பள்ளிக்கு நேரத்தோடு கிளம்பிவிட்டாள். மூன்றாம் நாள் காலை அடுப்படி வாசலில் வந்து நின்றபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"அத்தை, மூடப் போனா அது சட்டுனு மூட மாட்டேங்குது. யாரோ எதிர்ல அழுத்தற மாதிரி இருக்கு."

பல்லக்கா அடுப்பை அணைத்தார்.

"அடியில பென்சில்ல கடிகாரக்காரர்னு எழுதியிருக்கு. முதல் நாளே பார்த்துட்டேன். நான் குடுக்கலை அத்தை. அன்னைக்குப் பிரெண்ட்ஸோட சுத்தப் போயிட்டேன். பெட்டி என் கட்டிலுக்கு அடியில இருக்கு. அவர் உங்க நம்பருக்குப் போன் பண்ணப்ப, உங்களுக்கு உடம்பு சரியில்ல, இன்னும் ரெடியாகலைன்னு நான்தான் சொன்னேன். நாளாக ஆக, கொண்டுபோகவே பயமாயிடுச்சு."

அறையலாம் என்று ஓங்கிய கையைப் பல்லக்கா இறக்கிக்கொண்டார். "கிளம்பு. நீயே குடு, நீயே சொல்லு. நான் கூட வர்றேன். ஆனா வாயைத் திறக்க மாட்டேன்."

கடை சின்னது. சுவர் முழுக்கக் கடிகாரங்கள், ஒவ்வொன்றும் ஒரு நேரம். கன்னம் ஒட்டிப்போய் உட்கார்ந்திருந்த கடிகாரக்காரர் நிமிர்ந்து வாலுவைப் பார்த்தார். கையிலிருந்த இடுக்கி கீழே விழுந்தது. அவர் அவளை அதுவரை பார்த்ததே கிடையாது.

"இந்தப் பொண்ணுதான்" என்றார், பொக்கை வாயால் குழறியபடி. "தினமும் விடியக்காலம் ஒரே கனவு. ஒரு ரூம், சுத்தி வெள்ளையா வாய் வாயா இருக்கு. என் பல்லு எங்கேன்னு கேட்க வாயைத் திறப்பேன். முதல்ல எல்லாம் நீங்கதான் வந்து தாடையைப் புடிச்சு மூடுவீங்கம்மா. இந்த மூணு நாளா இவ வர்றா. நகத்துல இதே நீலச் சாயம்."

வாலு கையைப் பின்னால் மறைக்கப் போனாள். மறைக்கவில்லை. பெட்டியை மேஜையில் வைத்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னாள். போனில் பேசிய பொய்யையும் விடவில்லை. அழுகை வந்தது, ஆனாலும் நிறுத்தாமல் சொல்லி முடித்தாள்.

அவர் பல்செட்டைப் போட்டுப் பார்த்தார். பொருந்தவில்லை. இத்தனை நாளில் ஈறு வற்றிவிட்டது. "திரும்ப எடுத்துட்டுப் போய் நானே கொண்டுவர்றேன் ஐயா" என்று வாலுவே சொன்னாள். ஒரு தடவையில் முடியவில்லை, பல்லக்கா உள்பக்கம் பூசி உரசிக் கொடுக்க, இன்னும் இரண்டு தடவை நடந்தாள். கடைசியில் அவர் வலிக்காமல் மென்று பார்த்துத் தலையாட்டினார். திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. அவள் படி இறங்கும்போது மட்டும் கூப்பிட்டுச் சொன்னார்: "அந்த ரூமைப் பூட்டறப்ப லைட்டை அணைக்காதே பாப்பா. உள்ள ரொம்ப இருட்டா இருக்கு."

அன்றிலிருந்து அந்த அறையில் விளக்கு அணைவதில்லை. அந்தத் தாடையும் திறக்கவில்லை.

வாலு ஒன்றும் தங்கமாக மாறிவிடவில்லை. இன்னமும் துணி மடிப்பதில்லை, வாய்க்கு வாய் பேசுகிறாள். ஆனால் எந்தப் பல்செட்டானாலும் அன்றே கொண்டுபோய், போட்டுக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறாள். அண்ணன் போனில், "இன்னும் படுத்தறாளா?" என்று கேட்டதற்கு, "அவ இல்லாம எனக்கு வேலை ஓடாது" என்றாராம் பல்லக்கா.

அது நிஜம்தான். இப்போதெல்லாம் அவரால் அந்த அறைக்குள் தனியாக நுழைய முடிவதில்லை. கதவருகே நின்று வாலுவைக் கூப்பிடுகிறார். அவள் முன்னால் போய் ஒவ்வொரு தட்டாகப் பார்த்துவிட்டு, "வாங்க அத்தை, எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்கிறாள்.

நேற்று அதைச் சொல்ல அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனதாம்.