பூட்டை இழுத்துப் பார்க்கும் சந்திரசேகர்

ஏற்காட்டில் ரோட்டோரம் தேன் விற்பவர்கள் சந்திரசேகர் சார் தூரத்தில் வருவதைக் கண்டாலே பாட்டில்களைத் துணிக்கு அடியில் தள்ளிவிடுவார்கள். வாங்குகிறாரோ இல்லையோ, தீக்குச்சியைத் தேனில் முக்கி உரசிப் பார்த்துவிடுவார். எரிந்தால் நல்ல தேன். எரியாவிட்டால் அன்றைக்கு அந்தக் கடையில் வியாபாரம் படுத்துவிடும். காப்பித்தூள் கடையிலும் இதே கதைதான். ஒரு சிட்டிகை தூளைத் தண்ணீர் டம்ளரில் போட்டு, சிக்கரி அடியில் இறங்குகிறதா என்று குனிந்து பார்ப்பார். பின்னால் சுற்றுலா வந்த கூட்டம் வரிசையில் நிற்கும். அவருக்கு அதைப் பற்றி என்ன?

குரங்குகளிடம் மட்டும் அவருக்கு மரியாதை உண்டு. "அதுங்க திருடுறத மறைக்கிறதில்ல பாருங்க" என்பார்.

அவருடைய மனைவி ராணி இதையெல்லாம் சகித்துப் பழகியவர். "என்னியச் சந்தேகப்படாத நாளு ஒண்ணு இருந்தா சொல்லுங்க, அன்னிக்குப் பாயசம் வெக்கறேன்" என்று சிரிப்பார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தக் கணக்கில் பாயசம் வைக்கும் நாள் வரவில்லை.

அப்படிப்பட்ட மனிதரைத்தான் ஏரிக்கு மேலே இருக்கும் ஓர் உறைவிடப் பள்ளியில் தேர்வுப் பொறுப்பாளராகப் போட்டிருந்தார்கள். வெளிநாட்டுப் பாடத்திட்டம் நடக்கிற பள்ளி. கணக்குத் தேர்வுக்கு அங்கே கிராஃபிங் கால்குலேட்டர் வேண்டும். கையகலத் திரை, அதில் சமன்பாட்டைத் தட்டினால் வளைகோடு வரைந்து காட்டும். அது போதாதென்று, அதற்குள்ளேயே புரோகிராம் எழுதி வைத்துக்கொள்ளலாம். அங்கேதான் சாருக்குச் சந்தேகம் தொடங்கும். புரோகிராம் எழுதுகிற இடத்தில் சூத்திரத்தை எழுதி ஒளித்துவைத்தால் யாருக்குத் தெரியும்? அதனால் தேர்வுக்கு முன்பு எல்லாக் கருவியையும் ரீசெட் செய்து, உள்ளே இருப்பதைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும் என்பது விதி.

விதி தேர்வுக்கு முன்பு மட்டும்தான். சார் வாராவாரம் செய்தார். பள்ளிக்குச் சொந்தமான கால்குலேட்டர்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவருடைய இரும்பு பீரோவுக்கு வந்து சேரும். ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, அடுக்கி, பூட்டுவார். பூட்டிய பிறகு பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். துடைப்பதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பிள்ளைகள் உஷாராகிவிடுவார்கள் அல்லவா?

மனிதர் பிறக்கும்போதே இப்படிப் பிறக்கவில்லை. மலையடிவாரத்துக் குப்பனூர்தான் அவருடைய சொந்த ஊர். அப்பா வேலுசாமி குச்சிக்கிழங்கு விவசாயி. சந்திரசேகர் பத்தாவது படிக்கும்போது அரையாண்டுத் தேர்வில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினார். அந்தப் பள்ளிக்கூடத்தில் அதற்கு முன்பு யாரும் வாங்கியதில்லை. தலைமையாசிரியருக்கு நம்பிக்கை வரவில்லை. "கெழங்கு புடுங்கறவன் மகனுக்கு நூறா?" என்று கேட்டு, அவரைத் தன் மேஜைக்கு முன்னால் நிற்கவைத்து, அதே கணக்குகளை மறுபடி போடச் சொன்னார். வாசலில் அப்பா துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடிய வட்டத் தேற்றம்கூட அன்றைக்குப் பையனுக்கு வரவில்லை. மதிப்பெண் பட்டியலில் இருந்த நூறு அடித்து நீக்கப்பட்டது. காப்பியடித்தவன் என்ற பெயர் பள்ளி முடியும்வரை கூடவே வந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "உண்மையச் சொல்லு சாமி, யாரப் பாத்து எழுதுன?"

யாரையும் பார்க்கவில்லை என்று பையன் சொன்னான். அப்பா தலையை ஆட்டினார். நம்பினாரா இல்லையா என்பது அந்தத் தலையாட்டலில் தெரியவில்லை. பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. அது மகனுக்குத் தெரியாமலேயே அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தப் பையன் வளர்ந்து கணக்கு படித்து, மலையேறி வந்து, அடுத்தவர் பிள்ளைகளைச் சந்தேகப்படுகிற வேலைக்கே வந்து உட்கார்ந்ததைப் பார்த்தால் விதிக்கும் கொஞ்சம் குசும்பு உண்டு என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

அந்த வருஷம் சேலத்தில் ஒரு கல்லூரி, பள்ளிகளுக்கான கணிதப் போட்டி வைத்தது. அணிக்கு மூன்று பேர். குழுச் சுற்றில் கிராஃபிங் கால்குலேட்டர் வைத்துக்கொள்ளலாம், தானே எழுதிய புரோகிராம்களும் இருக்கலாம் என்று விதிமுறையில் போட்டிருந்தது. அணியைத் தயார் செய்தவர் இளவரசி மிஸ், புதிதாக வந்த கணக்கு டீச்சர். ஷெர்வின், கோகுல் என்று விடுதிப் பையன்கள் இருவர். மூன்றாவது மோனிஷா. கரடியூர்ப் பெண். அப்பா கருப்பண்ணனுக்குக் கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு, மேட்டில் ராகி. பள்ளி நிர்வாகம் கொடுக்கும் கட்டணச் சலுகையில் படிக்கிறாள். நன்றாகப் படிக்கிறவரைதான் சலுகை. ஒழுங்கீனம் என்று ஒரு வரி விழுந்தால் அன்றோடு போய்விடும்.

பையன்கள் இருவருக்கும் சொந்தக் கால்குலேட்டர் இருந்தது. மோனிஷாவுக்குப் பள்ளிக் கருவிதான்.

சாருக்கு அவள்மேல் கண் விழுந்தது பயிற்சி வகுப்பில்தான். எட்டிலக்க எண்ணைக் கொடுத்து, இதன் பகாக் காரணிகள் என்ன என்று இளவரசி மிஸ் கேட்டால், பையன்கள் பேனாவைத் திறப்பதற்குள் இவள் விடையைச் சொன்னாள். ஏழின் பெரிய பெரிய அடுக்குகளைப் பதின்மூன்றால் வகுத்தால் மீதி என்ன என்றால், நான்கு பொத்தான் தட்டிச் சொன்னாள். எல்லாம் புரோகிராம். ஓர் எழுத்து விழ இரண்டு பொத்தான் அழுத்த வேண்டிய கருவியில், கரடியூர் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில், வராந்தாவில் உட்கார்ந்து தட்டித் தட்டி எழுதியது என்று மிஸ் பெருமையாகச் சொன்னார்.

"மொளகு காயவெக்கிற ஊட்டுப் புள்ள இத்தன எழுதுமா மிஸ்? யாராச்சும் எழுதிக் குடுத்திருப்பாங்க" என்றார் சார். இதே மாதிரி ஒரு வாக்கியத்தைத் தான் எங்கே கேட்டோம் என்று அவருக்கு ஞாபகம் வரவில்லை.

போதாக்குறைக்கு அந்தப் பெண்ணின் போக்கும் ஒரு மாதிரியாக இருந்தது. கோகுலோடு பேச்சை நிறுத்தியிருந்தாள். அவன் பக்கத்தில் வந்தால் கால்குலேட்டரைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். குழுச் சுற்றென்றால் மூவரும் கலந்து பேச வேண்டும். இவர்கள் மூன்று திசையில் உட்கார்ந்திருந்தார்கள். வயசுக் கோளாறு, சரியாகிவிடும் என்று நினைத்தார் இளவரசி மிஸ். மடியில் கனம் இருப்பவளுக்குத்தானே வழியில் பயம் என்று நினைத்தார் சார்.

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவர் தேடியது கிடைத்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மோனிஷா கால்குலேட்டரை அணைக்காமலே நீட்டினாள். அவள் போனதும் வழக்கம்போல ரீசெட் பொத்தான்களை அழுத்தினார். பட்டியல் வந்தது. நிச்சயமா என்று கேட்டது. ஆமாம் என்றார். எல்லாம் அழிக்கப்பட்டது என்று திரையில் வந்தது. மற்றவராக இருந்தால் பீரோவில் வைத்துவிட்டுப் போயிருப்பார். சார் திரையின் மேல் மூலையைப் பார்த்தார். அங்கே ஒரு சின்னக் கோடு நெளிந்து ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஏதாவது புரோகிராம் ஓடும்போதுதான் அந்தக் கோடு ஓடும். எல்லாம் அழிந்த கருவியில் எது ஓடுகிறது?

ஓட்டத்தை நிறுத்தி உள்ளே போனார். அழிந்தது மாதிரி நடிப்பதற்கென்றே ஒரு புரோகிராம் இருந்தது. அவர் அழுத்திய பொத்தான்களுக்கெல்லாம் அதுதான் பதில் சொல்லியிருக்கிறது. அதற்குப் பின்னால் மற்ற எல்லாப் புரோகிராம்களும் வரிசையாக, பத்திரமாக இருந்தன. சாருக்கு உடம்பெல்லாம் சூடேறியது. சந்தோஷம்தான், வேறென்ன. இத்தனை வருஷம் தேனில் முக்கிய தீக்குச்சி கடைசியில் எரியாமல் போனது.

திங்கட்கிழமை முதல்வர் அறையில் எல்லோரும் கூடினார்கள். கருப்பண்ணனுக்கு ஆள் விட்டிருந்தார்கள். ஷேர் ஜீப்பில் இறங்கி வந்த மனிதர், பை நிறையக் கொண்டுவந்த கமலா ஆரஞ்சை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். உட்காருங்கள் என்று இளவரசி மிஸ் சொல்லியும் உட்காரவில்லை.

சார் கால்குலேட்டரை மேஜையில் வைத்து, பொத்தான்களை அழுத்தி, பொய்த் திரையை முதல்வருக்குக் காட்டினார். மூலையில் ஓடும் கோட்டைப் பேனா முனையால் தொட்டுக் காட்டினார். அழகாகத்தான் விளக்கினார். "மறைக்கறதுக்குன்னே ஒரு புரோகிராம் எழுதற புள்ள, மத்ததச் சொந்தமா எழுதிருக்கும்னு எப்படிங்க நம்பறது?" என்று முடித்தார்.

முதல்வர் மோனிஷாவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். எதற்காக இதை எழுதினாய் என்று கேட்டார். அவள் அப்பாவின் கையிலிருந்த பையையே பார்த்தாள். அப்படியானால் அணியில் இருக்க முடியாது, சலுகை பற்றியும் நிர்வாகத்துக்கு எழுத வேண்டியிருக்கும் என்றார்.

கருப்பண்ணனுக்கு விஷயம் பாதிதான் புரிந்தது. பெண் ஏதோ களவு செய்துவிட்டாள் என்பது மட்டும் புரிந்தது. "ஏனுங்க சார், எம்புள்ள திருடிப் போட்டாளுங்களா?" என்று கேட்டார். பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"உண்மையச் சொல்லு சாமி. யாரப் பாத்து எழுதுன?"

சந்திரசேகர் சாரின் கையில் இருந்த பேனா மேஜையில் விழுந்து உருண்டது.

"யாரையும் பாக்கலப்பா" என்றாள் மோனிஷா. பேச ஆரம்பித்த பிறகு நிற்கவில்லை. "நானே எழுதுனதுப்பா. வாரம் பூரா எழுதி வெப்பேன். திங்கக்கெழம வந்து பாத்தா எல்லாம் போயிருக்கும். பேட்டரி சரியில்லன்னு மிஸ் மாத்திக் குடுத்தாங்க. அப்பறமும் போச்சு. நான் கோணத்த டிகிரில வெச்சுட்டுப் போவேன், வந்து பாத்தா ரேடியன்ல இருக்கும். ரீசெட் பண்ணுனாத்தான் அப்படி மாறும். பேட்டரி போனா ஏன் வாராவாரம் திங்கக்கெழமயாப் பாத்துப் போகுது? யாரோ வேணும்னே அழிக்கிறாங்கன்னு தெரிஞ்சுச்சு. நொம்பக் கஷ்டப்பட்டு எழுதுனதுப்பா. அதான், அழிச்சாலும் அழியாத மாதிரி ஒண்ணு எழுதுனேன்."

"யார் அழிக்கிறாங்கன்னு நெனச்ச கண்ணு?" என்று கேட்டார் இளவரசி மிஸ்.

"கோகுலுன்னு நெனச்சேன் மிஸ். திங்கக்கெழம சார்கிட்ட வாங்கிட்டு வந்து குடுக்கறது அவன்தானே."

முதல்வர் பெருமூச்சு விட்டார். "ஒருத்தர் மேல பழி போடறதுக்கு முன்னாடி ஆதாரம் வேணும்மா" என்றார்.

வாராவாரம் அழிக்கும் கதை அந்த அறையில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பெண் சாக்குச் சொல்கிறாள் என்று ஆகிவிடும், எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். சார் கருப்பண்ணனின் முகத்தைப் பார்த்தார். மகள் சொன்னதைக் கேட்டு அந்த மனிதர் மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நம்புகிறாரா இல்லையா என்று தெரியாத அதே தலையாட்டல். அந்தத் தலையாட்டலோடு அந்த மனிதரை ஊருக்குத் திரும்ப விடக் கூடாது என்று மட்டும் சாருக்குத் தோன்றியது.

"நான்தாங்க அழிச்சேன்" என்றார்.

முதல்வரிடம் சொல்லவில்லை. கருப்பண்ணனிடம் சொன்னார்.

"வெள்ளிக்கெழமயானா எல்லாத்தயும் நான்தாங்க தொடச்சு வெக்கறது. ஆரும் சொல்லல, நானாத்தான் செஞ்சேன். பசங்க ரெண்டு பேருக்கும் சொந்தமா இருக்குது, அது எங்கிட்ட வராது. உங்க புள்ளயோடது மட்டும்தான் வாராவாரம் போயிருக்குது. எனக்கு அது தோணவே இல்லீங்க." அடுத்த வாக்கியம் அவருக்கே புதிதாக இருந்தது. "உங்க புள்ள ஆரயும் பாத்து எழுதலீங்க. எல்லாம் அதோட சொந்த மூள."

கருப்பண்ணன் இந்த முறை தலையை ஆட்டவில்லை. ஆரஞ்சுப் பையை மேஜைமேல் வைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்படித்தானுங்க நானும் நெனச்சேன்" என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்காகக் குப்பனூரில் ஒரு பையன் எத்தனை காலம் காத்திருந்தான் என்பது அவருக்கு எங்கே தெரியும்?

முதல்வர் சாரைத் தனியாக வைத்து என்ன பேசினார் என்பது வெளியே வரவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னபோது ராணி சிரிக்கவில்லை. பாயசமும் வைக்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

மோனிஷாவின் சலுகைக்கு ஒன்றும் ஆகவில்லை, போட்டிக்கும் போனாள். கோகுலிடம் மன்னிப்புக் கேட்டாள், அவனும் சரி என்றான். ஆனாலும் இத்தனை நாள் பேசாமல் இருந்தவர்களுக்கு நாலைந்து நாளில் என்ன பேச்சு வந்துவிடும்? குழுச் சுற்றில் தடுமாறினார்கள். தனிச் சுற்றில் மோனிஷா இரண்டாவதாக வந்தாள். அணி எங்கேயும் வரவில்லை. அந்தத் தோல்வியில் பாதி தன்னுடையது என்று சார் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் அணிக்குத் துணையாகப் போயிருந்தவர் சேலத்திலிருந்து திரும்பும் வேனில் வளைவுகள் முடியும்வரை ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வழக்கம்போலக் கால்குலேட்டர்கள் வந்தன. மோனிஷா கடைசியாக வந்து தன்னுடையதை நீட்டினாள். இந்த முறை அணைத்திருந்தாள்.

"தொடைக்க மாட்டேன் சாமி" என்றார் சார்.

"சரிங்க சார்" என்றாள். ஆனால் போகவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ்ஸுக்கு நேரமாகவில்லையா என்று கேட்டார். இருக்குதுங்க என்றாள். அவருக்குப் புரிந்தது. எந்தப் பொத்தானையும் தொடாமல், அவள் கண் முன்னாலேயே கருவியை அடுக்கில் வைத்தார். பீரோவைச் சாத்தினார். பூட்டினார். சாவியை மேல்பையில் போட்டார். வாழ்க்கையில் முதல்முறையாகப் பூட்டை இழுத்துப் பார்க்காமல் நகர்ந்தார்.

மோனிஷா உள்ளே வந்தாள். அவரைத் தாண்டிப் போய்ப் பூட்டைப் பிடித்து ஒருமுறை இழுத்தாள். இன்னொரு முறை இழுத்தாள். பிறகு பையை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். சார் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.