உப்பும் கொல்லும்

அவளுக்குக் கசப்பக்கா என்ற பெயரை வைத்தவள் ஆய்வுக்கூடத்தின் செல் பிரிவில் வேலை பார்த்த தோழி. புற்றுநோய்க்கு மருந்து தேடுகிறவர்கள் உண்டாக்கும் பொருள்கள் பெரும்பாலும் கசக்கும். இவள் வாயிலிருந்து வரும் சொல்லும் அப்படித்தான். உண்மையாக இருக்கும், இனிக்காது. பெயர் ஆய்வுக்கூடம் முழுக்கப் பரவியது. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை, கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தாள்.

மருந்து வேதியியல் அவள் தொழில். ஒரு மூலக்கூறின் ஒரு முனையில் ஓர் அணுவைக் கழற்றி வேறொன்றை மாட்டுவாள். குடுவையில் சூடேற்றி, கரைப்பானை ஆவியாக விரட்டி, அடியில் ஒட்டியிருக்கும் பொடியைச் சுரண்டி, சுண்டுவிரல் அளவு கண்ணாடிக் குப்பியில் அடைத்து மாடிக்கு அனுப்புவாள். அங்கே தட்டுகளில் புற்றுநோய் செல்கள் வளர்ந்துகொண்டிருக்கும். பொடி அவற்றைக் கொல்ல வேண்டும், பக்கத்துத் தட்டிலிருக்கும் நல்ல செல்களை விட்டுவைக்க வேண்டும். பெரும்பாலும் தோழி தொலைபேசியில் சொல்லும் பதில் ஒன்றுதான்: "ரெண்டையும் கொன்னுடுச்சு அக்கா." இல்லாவிட்டால், "ரெண்டும் ஜம்முனு இருக்கு." அவள் மறுபடி ஒரு முனையைக் கழற்றப் போவாள்.

இப்படியே ஆண்டுகள் ஓடின. கம்பெனிக்குப் பொறுமை போய்விட்டது. நிர்வாகி அவளைக் கூப்பிட்டனுப்பினார். நயமாகப் பேசுவார், வெட்டுகிற ஆட்டின் தலையைத் தடவிக்கொடுக்கிற கை.

"புற்றுநோய் மருந்தெல்லாம் வரும்போது வரட்டும்மா. இப்ப செயற்கை இனிப்பு ஒண்ணு பண்ணிக் குடுங்க. வீட்டுக்கு ஒருத்தருக்கு சர்க்கரை வியாதி. சும்மா பிச்சுக்கிட்டுப் போகும்."

"பண்றேன் சார். காலையில இனிப்பு, சாப்பாட்டுக்கு அப்புறம் என் மருந்து. அதுல யாரும் கை வைக்கக் கூடாது."

"நிபந்தனை எல்லாம் போடறீங்களே?"

"பிடிக்கலைன்னா வேற ஆள் பாருங்க. எனக்கு வருத்தமே இல்ல."

வேறு ஆள் கிடைக்காது என்பது இருவருக்கும் தெரியும். நிர்வாகி சிரித்தபடி தலையாட்டினார்.

அவள் கணவர் அச்சகத்தில் எந்திரம் ஓட்டுபவர். சர்க்கரை வியாதிக்காரர்தான், ஆனாலும் நாக்கை அடக்கத் தெரியாதவர். செய்தி கேட்டதும் அவருக்கு ஒரே குஷி. "இத்தனை வருஷம் ஊருக்கு மருந்து தேடின. இப்பத்தான் புருஷன் ஞாபகம் வந்திருக்கு!"

இனிப்பு அவள் நினைத்ததைவிடப் பிடிவாதமாக இருந்தது. பாதுகாப்புச் சோதனைகளில் தேறியதைத் தண்ணீரில் ஒரு துளி கரைத்து நாக்கில் வைத்தால், முதலில் தித்திக்கும். விழுங்கிய பிறகு நாக்கின் அடியில் ஒரு கசப்பு எழுந்து வரும். ருசி பார்க்க ஆள் கேட்டபோது, கரும்பு தின்னக் கூலியா என்று அலுவலகமே திரண்டு வந்தது. வந்த வேகத்தில் முகத்தைக் கோணிக்கொண்டு தண்ணீர்க் குழாயைத் தேடி ஓடியது. அவள் அசரவில்லை. மூலக்கூறின் ஒரு கையை இடமிருந்து வலமாக, கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல மாற்றிக் கட்டினாள். பின்கசப்பு போய்விட்டது. நிர்வாகி இனிப்புப் பெட்டி வாங்கி எல்லாருக்கும் கொடுத்தார். அதில் சர்க்கரைதான் இருந்தது.

தலைவலி அதன் பிறகு வந்தது. ஆய்வுக்கூடத்தில் உருவாகும் எந்தப் பொருளையும் தட்டுகளில் போட்டுப் பார்ப்பது வழக்கம். தோழி இந்த இனிப்பையும் போட்டாள், அளவை ஏற்றிக்கொண்டே போனாள். ஓர் அளவுக்கு மேல் புற்றுநோய் செல்கள் செத்தன. செத்த செல்களின் படம் எப்படியோ நிர்வாகியின் மேசைக்குப் போனது.

மறுவாரமே விளம்பரம் தயார். புற்றை வெல்லும் இனிப்பு. மருத்துவர்களையும் பத்திரிகைக்காரர்களையும் கூப்பிட்டு அரங்கில் கூட்டம் ஏற்பாடாயிற்று.

கசப்பக்கா படியேறிப் போய் நிர்வாகியின் கதவைத் தள்ளினாள். "சார், அந்த அளவு ரத்தத்துல சேரணும்னா ஒரு மனுஷன் தினம் மூட்டை மூட்டையாத் தின்னணும். அளவுக்கு மிஞ்சினா அமுதமே நஞ்சு. செல் சாகாம என்ன செய்யும்?"

"செத்துச்சா இல்லையா?"

"செத்துச்சு."

"அவ்வளவுதான் நாம சொல்லப் போறோம். நீங்க பேசவே வேண்டாம். மேடையில நின்னா போதும்."

அவள் கீழே இறங்கவில்லை, நேரே செல் பிரிவுக்குப் போனாள். "சமையல் உப்பு இருக்கா?" என்றாள் தோழியிடம்.

"எதுக்குக்கா?"

"இனிப்பு போட்ட அதே அளவுல, அதே மாதிரித் தட்டுல உப்பைப் போடு."

தோழி அவளைப் பார்த்தாள், பிறகு சிரித்துவிட்டாள். "வேலை போயிடும்."

"உனக்குப் போகாது. நான் சொல்லித்தான் செஞ்சேன்னு சொல்லிடு."

உப்பு இனிப்பைவிட வேகமாகக் கொன்றது.

கூட்டத்தன்று அரங்கு நிரம்பியிருந்தது. நிர்வாகி பேசினார், படம் திரையில் வந்தது, கைதட்டல் எழுந்தது. "இதை உருவாக்கியவர் இவர்தான்" என்று அவர் கைகாட்டியபோது அவள் ஒலிவாங்கியை நோக்கி நடந்தாள். நின்று திரும்பிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம், வைத்தியத்தை விட்டுவிட்டு டப்பா டப்பாவாக இனிப்பு வாங்கப்போகும் நோயாளிகளின் நினைப்பு வந்தது.

"இது நல்ல இனிப்பு. நானே செஞ்சது, என் வீட்டுக்காரர் டீயில போட்டுக் குடிப்பார். ஆனா புற்றுநோய்க்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இதே தட்டுல இதே அளவு சமையல் உப்பு போட்டுப் பார்த்தேன். இதைவிட சீக்கிரமா செல் செத்துச்சு. இந்தப் படத்தை நம்பறதா இருந்தா உப்புதான் பெரிய மருந்து. யாரும் வைத்தியத்தை நிறுத்திட்டு இதை வாங்காதீங்க."

முதல் வரிசையில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு பின்வரிசை வரைக்கும் போனது. திரையை யாரோ அணைத்தார்கள்.

மறுநாள் நிர்வாகியின் குரலில் நயம் இல்லை. "உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்வாங்க. இத்தனை வருஷம் சம்பளம் குடுத்ததுக்கு இதுவா நன்றி?"

"உப்பைத்தான் சார் நினைச்சேன்."

"மன்னிப்பு கேளுங்க. தப்பாச் சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, விட்டுடறேன்."

"முதல்ல அந்தத் தட்டு தப்புன்னு சொல்லட்டும், அப்புறம் நானும் சொல்றேன்."

வேலையை விட்டு நீக்கினால் பத்திரிகைகள் மறுபடி எழுதும். அதனால் ஆய்வுக்கூடத்துச் சாவியை மட்டும் பிடுங்கிக்கொண்டு, பழுதான எந்திரங்கள் குவிந்த பின்கட்டு அறையில் அவளைப் போட்டார்கள். கரைப்பான் புட்டிகளுக்கு எச்சரிக்கைச் சீட்டு ஒட்டுவது வேலை. தானாக ஓடிவிடுவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவள் ஓடவில்லை. நேரத்துக்கு வந்தாள், சீட்டுகளை வளையாமல் ஒட்டினாள், மத்தியானம் செல் பிரிவுக்குப் போய்த் தோழியோடு சாப்பிட்டாள். வீட்டில் மட்டும் ஒருநாள் உடைந்தாள். "என் கை சும்மா இருக்குங்க," என்றாள். கணவர் டீ போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

இனிப்பு கடைக்கு வந்தபோது டப்பாவில் சர்க்கரைக்கு மாற்று என்று மட்டுமே போட்டிருந்தார்கள்.

அன்று முதல் வரிசையில் சிரித்தவர் குழந்தைகளுக்குப் புற்றுநோய் வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா. விசாரித்துக்கொண்டு பின்கட்டு அறைக்கே வந்துவிட்டார்.

"பிள்ளைங்க மருந்தைத் துப்பிடறாங்க. அவ்வளவு கசப்பு. அம்மாமாருங்க மூக்கைப் பிடிச்சு ஊத்தறாங்க, ரெண்டு பேரும் அழறாங்க. உங்க இனிப்பைக் கலந்தா சரியாகுமா?"

"ஆகாது டாக்டர். இனிப்பு முன்னால போகும், கசப்பு பின்னாலயே வந்து நிக்கும். மருந்துக்கே ஒரு மூடி போடணும். நாக்குக்குத் தெரியக் கூடாது. வயித்துக்குப் போனதும் மூடி தானாக் கழண்டு விழணும்."

"முடியுமா?"

"தெரியாது. ஒரு அறையும் நாலு குடுவையும் குடுங்க, பார்க்கலாம்."

மருத்துவமனையின் தரைத்தளத்தில் பழைய துணி வெளுக்கும் அறை கிடைத்தது. அன்றைக்கே கம்பெனியை விட்டாள். நிர்வாகி தொலைபேசியில் மிரட்டினார். "உங்க மூளையில இருக்கறது எல்லாம் எங்க சொத்து."

"வந்து எடுத்துக்கிட்டுப் போங்க சார். மருத்துவமனையிலதான் இருக்கேன், அறுக்கறதுக்கும் வசதி," என்று வைத்துவிட்டாள். அவர் மறுபடி கூப்பிடவில்லை.

மூடி லேசில் அமையவில்லை. ஒன்று வாயிலேயே கழன்றது. ஒன்று வயிற்றிலும் கழலாமல் மருந்தை வீணாக்கியது. அவளுக்கு அது பழகிய வழிதான். ஒரு முனையைக் கழற்றினாள், வேறொன்றை மாட்டினாள். கடைசியில் ஒன்று சொன்ன பேச்சைக் கேட்டது. சோதனைகள் முடிந்து முதன்முதலாக ஒரு சின்னப் பெண்ணுக்குக் கொடுத்தபோது கசப்பக்கா அறை வாசலில் நின்றாள். அந்தப் பெண் கண்ணை இறுக மூடி, விழுங்கி, அடுத்து வரப்போகும் கசப்புக்குக் காத்திருந்தாள். பிறகு கண்ணைத் திறந்தாள். "ஒண்ணுமே தெரியலையே?" என்று தன் அம்மாவைக் கேட்டாள். கசப்பக்கா சட்டென்று திரும்பி நடைகூடத்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

மருந்துக்கு அனுமதி வந்த பிறகு, புட்டியில் 'இனிய சுவை' என்று போட்டால் பெற்றோருக்குத் தைரியமாக இருக்கும் என்றார்கள் மருத்துவமனைக் குழுவினர். அவள் ஒப்பவில்லை. "இனிக்காததை இனிக்குதுன்னு நான் போட விடமாட்டேன். கசக்காதுன்னு போடுங்க."

இரண்டு கூட்டம் வாக்குவாதம் நடந்தது. கசக்காது என்றே அச்சாயிற்று.