நாடகப் புத்தகத்தில் இல்லாத பக்கம்

இந்தத் தை பிறந்தால் எனக்கு அறுபத்தேழு. ஏழு பெற்றேன், ஐந்தை வளர்த்து ஆளாக்கினேன். பள்ளிக்கூடம் போனதில்லை. மூத்தவன் சிலேட்டில் எழுதும்போது கூடவே பார்த்துக் கற்ற எழுத்து. இதை எழுதப் பதினோரு நாள் ஆயிற்று. ஆனாலும் யாரிடமும் சொல்லி எழுத வைக்கவில்லை, முழுக்க என் கைதான்.

மலாயாவில், பிரிக்பீல்ட்ஸ் ரயில் குவாட்டர்ஸில் எங்கள் வரிசை வீட்டுக்காரர்கள் வருஷந்தோறும் ஒரு நாடக ஆசிரியருக்குப் பிறந்தநாள் கொண்டாடுவோம். அவர் இந்தியாவில் இருந்தார், எங்களை அவருக்குத் தெரியாது. அவர் பாட்டைப் பாடாத வீடு அப்போது இல்லை. அவர் நட்சத்திரம் எங்களில் யாருக்கும் தெரியாது. கிள்ளானில் கொட்டகை போட்டு அவர் நாடகம் முதலில் ஏறியது மாசி மாதம் என்பதால், மாசி முதல் ஞாயிறே அவர் பிறந்தநாள் என்று நாங்களாக வைத்துக்கொண்டோம்.

சுண்டலும் கோப்பியும் ஆனபின், அவரவர் அந்த மாதம் படித்துக்கொண்டிருப்பதைக் கொண்டுவந்து ஒரு பக்கம் படிக்க வேண்டும். பினாங்கிலிருந்து வரும் பத்திரிகையை ஒருவர் படிப்பார். இன்னொருவர் வைத்தியப் புத்தகத்தில் மூலத்துக்கான மருந்தை உரக்கப் படிப்பார். சேலைத் திரைக்கு இந்தப் பக்கம் பெண்கள் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். துப்பறியும் கதைக்காரர் கொலை நடந்ததும் புத்தகத்தை மூடிவிடுவார்.

கடைசியாக நாடகப் புத்தகம். வணிகன் ஒருவன் கடல் கடந்து போய்ப் பன்னிரண்டு வருஷம் கழித்து வீடு திரும்புகிற கதை. பத்து வீடு சுற்றி வந்த புத்தகம், அவன் வாசலில் வந்து நிற்கிற பக்கம் மட்டும் கிழிந்துபோயிருந்தது. யாரோ அதில் புகையிலை சுருட்டிவிட்டார்கள் என்று பேச்சு. ரயில் பட்டறையில் இயந்திரம் பூட்டும் பிட்டராக இருந்த என் வீட்டுக்காரர், கிள்ளானில் அந்த நாடகத்தைப் பார்த்ததாகவும் அந்தப் பக்கம் மனப்பாடம் என்றும் சொன்னார். நான் மலாயாவுக்கு வருவதற்கு முந்தின சங்கதி அது. அதனால் வருஷா வருஷம் அதை அவர்தான் சொல்வார்.

அவர் சொன்ன பக்கத்தில், மனைவி கதவைத் திறந்து, "ஏன் ஓர் ஓலைகூட அனுப்பவில்லை?" என்று கேட்பாள். "அனுப்பியிருக்க வேண்டும். பிழை என்னுடையது. நீ அழைக்கும்வரை இந்த வாசலிலேயே நிற்பேன்" என்பான் வணிகன். அந்த இடத்தில் அவர் குரல் கரகரக்கும். சுருட்டுப் பிடிப்பதால் என்று நினைத்துக்கொள்வேன்.

என் வீட்டுக்காரர் கண்மூடிய மறு மாசியில், ரயில் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்த யாழ்ப்பாணத்துத் தம்பி ஒரு புதுப் புத்தகத்தோடு வந்தார். "அக்கா, முழுப் புத்தகமும் கிடைச்சிட்டுது. அண்ணன் இல்லாட்டியும் அந்தப் பக்கத்தை வாசிக்கலாம்" என்றார். வாசித்தார். அச்சில் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கணவன் காலில் விழுந்து, கண்ணீரால் பாதம் கழுவி, ஒரு பாட்டும் பாடி உள்ளே அழைத்துப் போனாள்.

தம்பி புத்தகத்தை மூடினார். பிறகு வைத்தியப் புத்தகக்காரர் சிரித்தார். "அண்ணன் இத்தனை வருஷமா நம்மளை நல்லா ஏமாத்திட்டாருலா."

"அவரு எனக்குப் படிச்சாரு. நீங்க கூட உக்காந்து கேட்டீங்க," என்றேன் திரைக்குள்ளிருந்து. ஆண்கள் நடுவே நான் பேசியது அன்று ஒருநாள்தான்.

என்னை ஊரில் விட்டுவிட்டு அவர் மலாயாவுக்கு வந்தபின் நாலு வருஷம் ஒரு கடுதாசி இல்லை. பிறகு ஆள் அனுப்பிக் கூப்பிட்டுக்கொண்டார். நான் ஏன் என்று கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. திரைக்குள் எத்தனை மாசி உட்கார்ந்திருந்தேன், எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது சொல்ல ஆள் இல்லை. ஒரே ஒரு தடவை அந்த வாசலில் நிற்பவனை நான் உள்ளே கூப்பிட்டிருக்கலாம்.

அவர் சொன்ன பக்கத்தைக் கேட்டவர்கள் ஒவ்வொருவராக வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டார்கள். எனக்கும் ஞாபகம் தேய்கிறது. அச்சில் இல்லாத அந்தப் பக்கம் எங்காவது இருக்க வேண்டும் என்றுதான் இங்கே எழுதினேன்.

இந்தா கண்ணு, பாட்டி எழுதியதை முதலிலிருந்து படி. நீ பள்ளிக்கூடத்துப் பிள்ளை, விறுவிறு என்று படிப்பாய். வாசலில் அவன் நிற்கிற இடத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்து. நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.