மின்னியைத் தண்ணியில் விட்ட தையல்காரி

ஜாக்கெட் தைக்கிறதும் கதை எழுதுறதும் ஒரே தொழில்தான். ரெண்டுலயும் சனங்க கண்ணாடி முன்னாடி நின்னு, பிடிக்கலைன்னா நம்மைத்தான் திட்டுவாங்க.

ரெண்டையும் செய்து ரெண்டு பக்கமும் திட்டு வாங்குகிறவள் நான். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தையல் கடை. படிப்பு அஞ்சாவதோடு சரி. யூனிபார்ம் பிடித்துத் தைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிற பள்ளிக்கூடப் பெண்களுக்குச் சும்மா சொன்னதுதான் என் கதை. நான் போனில் பேசப் பேச, போனே எழுதிக்கொண்டது. திண்டிவனத்தில் ஒரு பதிப்பாளர் புத்தகமாகப் போட்டார்.

எங்கள் பக்கம் ஏரிக்கரைக்கு ஏரிக்கரை கன்னிமார் இருப்பார்கள், வரிசையாக ஏழு கல். அந்த ஏழு பேருக்கும் கடைசியாக ஒரு தங்கச்சியை நான் உண்டாக்கினேன். பேர் மின்னி. முதுகில் தும்பி மாதிரி றெக்கை. கோட்டை மலைச் சுனையில் குடியிருப்பாள். பத்தாவது படிக்கிற தீபா கண்ணுக்கு மட்டும் தெரிவாள். முதல் பாகத்தை எல்லாரும் கொண்டாடினார்கள். ரெண்டாம் பாகத்தில் சுனை வற்றி, அக்காமார் ஏழு பேரும் தாகத்தில் தவிக்கிறார்கள். மின்னி தன் றெக்கையைக் கழட்டி அடியில் வைக்கிறாள். தண்ணீர் ஏறுகிறது. அவள் ஏறவில்லை. அங்கே பிடித்தது சனி. எழுதி மாட்டிக்கொண்ட கூட்டாளிகளே, கேளுங்கள்.

இரண்டு விரல் துணி

முதலில் வந்தது சங்கவி, பதினொண்ணாவது படிக்கிற பெண். ஒரு கையில் பாவாடை, ஒரு கையில் என் புத்தகம். பாவாடையை மேஜையில் வைத்தாள், புத்தகத்தைப் போட்டாள். வளர்கிற பிள்ளைகளுக்குத் தைக்கும்போது கீழ் மடிப்பில் ரெண்டு விரல் துணி கூடுதலாக விட்டுத் தைப்பது என் வழக்கம். அடுத்த வருஷம் பிரித்து விட்டால் இன்னொரு வருஷம் ஓடும். அதைப் பிரிக்கத்தான் வந்திருந்தாள்.

நான் மடிப்பைப் பிரித்தேன். பிரித்து முடித்ததும் அந்தத் துணியைத் தொட்டுக் காட்டிக் கேட்டாள்: "பாவாடைக்கு இவ்ளோ துணி விடத் தெரியுது இல்ல ஆயா? மின்னிக்கு ஏன் விடல?"

ஆறின சோறு

வல்லத்திலிருந்து ஒருத்தர் பைக்கில் வந்தார். மணிலாக் கடலை பிடுங்குகிற நேரம், சட்டையெல்லாம் மண். கடை வாசலிலேயே நின்று, "ஏம்மா, அந்தப் பொண்ணத் தண்ணில தள்ளி விட்டது நீதானா?" என்றார். அளவு கொடுக்க நின்றிருந்த ரெண்டு பெண்கள் என்னை விட்டு ஓரமாக நகர்ந்தார்கள்.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. அவர் மகள் புத்தகத்தைப் படித்துவிட்டு ராத்திரியிலிருந்து சாப்பிடவில்லையாம். "போன் போட்டுத் தரேன், அவ பொழச்சிக்கினான்னு ஒரு வார்த்தை சொல்லு" என்றார். ஐயா, அது கதை, நானாகக் கட்டினது என்றேன். மனுஷனுக்கு மூக்கு சிவந்துவிட்டது.

"கதைன்னு எனக்குத் தெரியாதா? சோறு நெசமால்ல ஆறிக்கினு இருக்குது!"

பதிப்பாளர்

அந்த வாரமே திண்டிவனத்திலிருந்து போன். "அம்மா, ஏகப்பட்ட திட்டு வருது. அடுத்த அச்சுல கடைசிப் பக்கத்தை மாத்துங்க. மின்னி எழுந்து வரட்டும். மாத்தினா அச்சு, இல்லைன்னா இல்ல. ஆடி பொறக்கறதுக்குள்ள சொல்லுங்க" என்றார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. அக்காமார் ஏழு பேர் தாகத்துக்காகத் தானாகக் கழட்டிக் கொடுத்த றெக்கை. நான் திரும்பவும் மாட்டி விட்டால் அவள் செய்தது வெறும் விளையாட்டாகிவிடும். ஆனால் புத்தகம் நின்றுபோனால் மின்னியே இல்லையே? ரெண்டு பக்கமும் இழுத்தது. அதைச் சொல்லிப் பார்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நியாயம்தான்ம்மா. நியாயத்துக்கு எவன் பில் போடுவான்?"

எடை

ஞாயிற்றுக்கிழமை கோட்டை பார்க்க விழுப்புரத்திலிருந்து வந்த ஒரு தம்பி கடையைத் தேடிப் பிடித்து வந்தார். இஞ்சினியரிங் படிக்கிறாராம். மலை ஏறி, சுனையை எட்டிப் பார்த்து, ஆழம் வேறு குத்துமதிப்பாகப் போட்டுவிட்டு வந்திருந்தார். அவருக்கு மின்னி போனது பிரச்சினை இல்லை. அவ்வளவு சின்ன றெக்கையை வைத்துக்கொண்டு அந்த எடையுள்ள பெண் எப்படிப் பறப்பாள் என்பதுதான் பிரச்சினை.

கன்னியை எந்தத் தராசில் நிறுத்தீங்க தம்பி என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. முதல் பாகத்திலும் அதே றெக்கையில்தானே பறந்தாள், அப்போது ஏன் கேட்கவில்லை என்றேன். தலையைச் சொறிந்தார்.

"முதல் பாகத்துல எனக்குப் புடிச்சிருந்ததுங்க. புடிக்காதப்பதான் லாஜிக் கேக்க முடியும்."

வேலனுக்கு வேலை

ரெண்டாம் பாகத்தில் சுனைக்குக் காவலாக வேலன் என்று ஒரு பையனை வைத்திருக்கிறேன். அவனுக்கும் றெக்கை உண்டு. தீபாவை ரெண்டே ரெண்டு முறை திரும்பிப் பார்ப்பான், அவ்வளவுதான். அதற்கே பெண்கள் நோட்டு அட்டையெல்லாம் அவன் பேர்.

ஒரு அம்மா ஜாக்கெட் வாங்க வந்தவள், "என் பொண்ணு கட்டினா வேலன் மாதிரி ஒருத்தனத்தான் கட்டுவேங்கிறா யக்கா" என்று ஆரம்பித்தாள். சரி, திட்டப்போகிறாள் என்று ஊசியைக் கீழே வைத்தேன். குரலை இறக்கிக் கேட்டாள்: "அந்தச் சுனைக் காவலு, பர்மனென்ட்டா? கான்ட்ராக்ட்டா?"

ஓடுகிற பக்கம்

பக்கத்தில் ஜெராக்ஸ் கடை குமார். ஆனி முடிகிற சமயம், வாயெல்லாம் பல்லாக வந்து ஒரு தாளை நீட்டினான். சங்கவியும் அவள் கூட்டமும் என் கடைசிப் பக்கத்தைத் தாங்களே வேறாக எழுதி, இவன் கடையில் ஜெராக்ஸ் எடுத்து, அதே அளவில் வெட்டி, பள்ளிக்கூடம் முழுக்க ஒவ்வொரு புத்தகத்திலும் ஒட்டியிருக்கிறார்கள். என் பக்கத்தின் மேலேயே!

படித்தேன். சுனையிலிருந்து மின்னி தலையைத் துவட்டிக்கொண்டு வருகிறாள். அழுதுகொண்டிருக்கிற தீபாவைப் பார்த்து, "சாப்டியா?" என்கிறாள். அவ்வளவுதான்.

இவ்வளவு நாள் அழுத்தி அழுத்தி எழுதிய எனக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லையே. பேசாமல் இதையே போட்டுவிடலாம், புத்தகமும் நிற்காது என்று போனைக் கையில் எடுத்துவிட்டேன். குமார் வேறு ஆறுதல் சொன்னான்: "உங்க புக்குலயே நல்லா ஓடற பக்கம் இதுதான் யக்கா."

ஆடிக் கணக்கு

பதிப்பாளர் நம்பரை அமுக்குவதற்குள் வாசலில் பச்சையம்மாள். சிங்கவரத்துக்காரி, நடவு ஆட்களைச் சேர்த்து அழைத்துப் போகிறவள். ஒவ்வொரு ஆடிக்கும் கன்னிமார் படையலுக்கு என்னிடம்தான் பாவாடை தைப்பாள். கல்லுக்குக் கட்டுகிற சின்னப் பாவாடை, ஏழு. துணியை எடுத்து வைத்தாள். அளந்தால் எட்டுக்கு இருந்தது.

"கல்லு ஏழுதானே பச்ச?"

"ஏரிக்கரையில ஒண்ணு தேடி எடுத்தாந்து, கழுவி, மஞ்சப் பூசி கடைசியா ஓரத்துல வெச்சிட்டோம். என் பொண்ணு நடவுல படிச்சிக் காட்னா. றெக்கைய அவுத்துக் குடுத்துட்டுப் போனவள ஒரு பாவாடை கூட இல்லாம வுடறதா?"

அவள் சாமி இல்லை பச்ச, நான் வாயில் வந்ததைச் சொல்லி உண்டாக்கினது என்றேன். "மீதி ஏழும் யாரோ ஒருத்தி வாயில இருந்து வந்ததுதான்" என்றாள், வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே.

பதிப்பாளர் கேட்டதைச் சொன்னேன், சங்கவி எழுதின பக்கத்தையும் படித்துக் காட்டினேன். மின்னியை எழுப்பச் சொல்கிறார், எழுப்பட்டுமா என்று கேட்டேன்.

பச்சையம்மாள் பயந்தே போய்விட்டாள். "அய்ய, இன்னா யக்கா நீ? கல்லு நட்டாச்சி. ஊர்ல சொல்லியாச்சி. இப்ப அவ தலைய துவட்டிக்கினு எதிர்ல வந்தா, அவ வெறும் பொண்ணு. படையல் யாருக்குப் போடுறது?"

அவள் எதிரிலேயே திண்டிவனத்துக்குப் போன் போட்டேன். கடைசிப் பக்கம் அப்படியே இருக்கட்டும் என்றேன். "அப்போ அச்சு கிடையாதும்மா" என்று அவர் வருத்தமாகத்தான் சொன்னார். வைத்துவிட்டேன். பிறகு துணியை விரித்தேன். ஏழு பாவாடையை எப்போதும்போல வெட்டினேன். எட்டாவதுக்குக் கத்தரியை வைக்கும்போது பச்சையம்மாள் என் கையைப் பிடித்தாள்.

"அதுக்கு மட்டும் கீழ ரெண்டு விரல் துணி விட்டுத் தை யக்கா. சின்னப் பொண்ணு, இன்னும் வளருவா."

ஆக, என் ரெண்டாம் பாகம் இப்போது எந்தக் கடையிலும் கிடைக்காது, சிங்கவரம் ஏரிக்கரையில் கடைசிக் கல்லாக நிற்கிறது, வேண்டுமென்றால் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.