வாங்காமல் விட்ட காப்ஸ்யூல்

சம்பளம் வந்ததும் வீட்டுக்கு வேண்டிய மாத்திரைகளை வாங்கி வருவது என் கணவரின் வேலை. ஆபீஸ் முடிந்து தாம்பரத்தில் ட்ரெயினை விட்டு இறங்கினால், ஸ்டேஷனுக்கு வெளியே தள்ளுபடி தரும் மெடிக்கல் ஷாப் ஒன்று இருக்கிறது. அவருடைய பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை எல்லாம் அங்கேதான். என் டீச்சர் சம்பளம் பெருங்களத்தூர் ஃபிளாட்டின் கடனுக்குப் போய்விடும். அதனால் மருந்து விஷயத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

எனக்கு மாதவிடாய் நின்றபின் உடம்பு பற்றி எரிந்தது. பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே கழுத்திலிருந்து உச்சிவரை சூடு ஏறும், ஜாக்கெட் நனைந்துவிடும். தூக்கமும் போயிற்று. குரோம்பேட்டையில் ஒரு பெண் டாக்டர் ஹார்மோன் சிகிச்சை எழுதிக் கொடுத்தார். ஒரு சின்ன மாத்திரை, கூடவே ஒரு காப்ஸ்யூல். மாத்திரை விலை பரவாயில்லை. காப்ஸ்யூல் கொள்ளை விலை. இன்ஷூரன்ஸில் கேட்டால், இது நோயே இல்லையாம். நோயே இல்லாததற்கு எதற்கு இந்த விலை வைத்திருக்கிறார்கள் என்று எந்த மகராசனாவது சொன்னால் தேவலை.

அடுத்த சம்பளத்தில் மாத்திரை மட்டும் வந்தது.

"காப்ஸ்யூல் எங்கங்க?"

"ரெண்டும் ஹார்மோன்தானே. டாக்டருங்க ஒண்ணுக்கு ரெண்டா எழுதத்தான் செய்வாங்க. முதல்ல இதைப் போட்டுப் பாரு."

போட்டேன். எரிச்சல் அடங்கியது, தூங்கினேன். அவர் சொன்னதுதான் சரியோ என்றுகூடத் தோன்றியது. இப்போது நினைத்தால், மளிகை லிஸ்டில் முந்திரியை அடிப்பதுபோல் அவர் என் மருந்தை அடித்திருக்கிறார். கடைக்காரரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டாக்டர் சீட்டில் இருப்பதில் முடிந்ததை மட்டும் வாங்கிப் போவது இங்கே எல்லா வீட்டிலும் நடப்பதுதானே.

சில மாதம் கழித்து, ஸ்டாஃப் ரூமில் நாற்காலியை விட்டு எழுந்தபோது புடவையில் ரத்தம். நின்றுபோனது எப்படித் திரும்ப வரும்?

டாக்டரிடம் ஓடினோம். நடந்ததைச் சொன்னதும் சத்தம் போட்டார். "காப்ஸ்யூலை என்ன அழகுக்கா எழுதினேன்? மாத்திரை கர்ப்பப்பை உள்சுவரைத் தடிக்க வைக்கும். தடிக்காம பார்த்துக்கறதுக்குத்தான் காப்ஸ்யூல். அதை விட்டுட்டு இதை மட்டும் போட்டா கேன்சர்ல கொண்டுபோய் விட்டுடும்மா." ஸ்கேனில் உள்சுவர் தடித்திருந்தது. சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். என் கணவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, யாரையோ திட்டுகிறார்கள் என்பதுபோல் உட்கார்ந்திருந்தார்.

திரும்பும்போது ஜி.எஸ்.டி. ரோட்டில் வழக்கம்போல் நெரிசல். ஆட்டோ நகரவே இல்லை. அடிவயிற்று வலியோடு உட்கார்ந்திருந்தேன்.

"பேசாம அந்த ஹார்மோனே வேணாம்," என்றார். "எங்க அம்மால்லாம் மாத்திரை போட்டா சமாளிச்சாங்க? செலவும் மிச்சம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஆட்டோ டிரைவர் இருப்பதுகூட மறந்துவிட்டது.

"சரிங்க. உங்க பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை ரெண்டுல இனிமே ஒண்ணுதான் வாங்கப் போறோம். எதை விடலாம்னு நீங்களே சொல்லுங்க."

அவர் பதறிப்போய்த் திரும்பினார்.

"என்ன பேசற நீ? அது உயிர் சமாச்சாரம்!"

என் பரிசோதனை முடிவு வர இன்னும் ஒரு வாரம் இருந்தது.